மச்சம் மாறிய ஊர்

நல்லாந்துறைக்காரர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அது பொறாமையில் சொல்வது. எங்களுக்குப் படம் பார்க்க நன்றாகவே தெரியும், பார்த்ததை நம்பத் தெரியும், நம்பியதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோற்றோடு பிசைந்து பேசவும் தெரியும். அதனால்தான் அந்த மாசி மாதம் மீன் ஏலத் திடலில் ‘மெய்’ என்ற படத்தைப் போட்டபோது, பார்த்தவர்கள் அத்தனை பேருடைய மச்சங்களும் இடம் மாறிப் போயின. வேறு ஊராக இருந்தால் மாறியிருக்காது.

படத்தைக் கொண்டுவந்தவள் ஜெனிதா என்ற பெண். ஒரு பழைய வேனில் புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு, தியேட்டர்காரர்கள் சீண்டாத படங்களை ஊர் ஊராகக் காட்டி வருகிறவள். திரை, நாற்காலி, ஸ்பீக்கர், ஜெனரேட்டர் எல்லாம் எங்கள் ஊர் வைரக்கண்ணு சவுண்ட் சர்வீஸ். வைரக்கண்ணுவுக்கு வலது தாடையில் மிளகு போல ஒரு மச்சம், அதில் ஒற்றை முடி. வெட்டினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று அந்த முடியின் மேல் அவர் கத்தி படவிட்டதில்லை. காதுகுத்தோ கருமாதியோ, ஊரெல்லாம் மழை கொட்டினாலும் அவர் போட்ட பந்தலில் தூறல் விழாது, அவர் மைக் நடுவில் இருமாது, அவர் மச்சக்காரர் என்று ஊர் சொல்லும். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் மனைவி பவுனு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

காரணம் ஊருக்கே தெரியும். அவர்களுக்கு ஒரே பிள்ளை, பெயர் அழகு. ப்ளஸ் டூ முடித்த வருஷம் அந்தப் பிள்ளை அம்மாவின் கிளிப்பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் நின்றதை வைரக்கண்ணு பார்த்துவிட்டார். பார்த்தவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசியிருக்கலாம். “மகனா இருக்கிறதுன்னா இரு, இல்லேன்னா வாசல் தொறந்துதான் கெடக்கு” என்றார். மைக் பிடித்துப் பழகிய குரல், தெருமுனை வரைக்கும் கேட்டது, தெருமுனையில் இரண்டு பேர் சிரித்ததும் வீட்டுக்குள் கேட்டது. பிள்ளை கட்டிய புடவையோடு இறங்கிப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் பேசுவதெல்லாம் சோறு, குழம்பு, கரண்ட் பில் என்பதோடு சரி. யாராவது விசாரித்தால் “வெளியூர்ல வேலை” என்பார் அவர். பவுனு அதுவும் சொல்ல மாட்டாள். பிள்ளை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பது இரண்டு பேருக்குமே தெரியாது; தெரியாது என்பதை ஒருவரிடம் ஒருவர் சொன்னதும் இல்லை.

படத்துக்கு ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் சொன்னதும் வைரக்கண்ணுதான். “ஐயா, இங்க மெய்ன்னா உடம்பு. உடம்பப் பத்தின விளையாட்டுப் படம்” என்று ஜெனிதா தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினாள். “உடம்புன்னு சொன்னா பொம்பளைங்க வர மாட்டாங்கம்மா. ஆம்பளைங்க வேற எதையாச்சும் நெனச்சுக்கிட்டு வந்துருவாங்க” என்று சொல்லிவிட்டு அவர் கிழக்குக் கடற்கரை ரோடு முழுக்க, “மெய், உண்மைப் படம், நெசமான படம், பொய் கலக்காத படம், குடும்பத்தோட வாங்க” என்று முழங்கிக்கொண்டே போனார். ஆகவே வந்தவர்கள் எல்லோரும் உண்மையைப் பார்க்கத்தான் வந்தார்கள், திரையில் எது வந்தாலும் அது நடந்தது என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரே சொல்லுக்கு உடம்பு என்றும் உண்மை என்றும் அர்த்தம் வைத்தது எங்கள் குற்றமில்லை.

படத்தில் கதை கிடையாது, பாட்டு கிடையாது, முகமே கிடையாது. முழங்கால்களுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து ஒன்றோடு ஒன்று சம்பந்தம் பேச வைத்திருந்தார்கள். பலபேர் வயிறுகள் வரிசையாக மூச்சுவிட, அது கடல் மாதிரி ஏறி இறங்க, அதன் மேல் ஒரு காகிதக் கப்பல் போனது. தொப்புள் ஒன்று கிணறு அளவுக்குப் பெரிதாகி அதில் யாரோ வாளி விட்டார்கள். கட்டைவிரல்கள் கபடி ஆடின. அதற்கப்புறம் ஒரு சின்ன மச்சம் யாருடைய குதிகாலிலிருந்தோ புறப்பட்டு, ஆடுசதையில் ஏறி, இடுப்பு மடிப்பில் இளைப்பாறி, தோளில் நடந்து, விரல் நுனிக்கு வந்து, அந்த விரலைத் தொட்ட இன்னொரு விரலுக்குத் தாவி, இப்படியே கறுப்பு உடம்பு, சிவந்த உடம்பு, கிழட்டு உடம்பு, பால்மணம் மாறாத உடம்பு என்று எல்லா உடம்பிலும் ஏறி இறங்கிக் கடைசிவரை நடந்துகொண்டே இருந்தது. “ஹீரோ எப்பண்ணே வருவாரு?” என்று ஒருத்தர் கேட்டார். “மச்சம்தான்டா ஹீரோ” என்று பஷீர் பாய் சொன்னார். பிரியாணி மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் மச்சத்தையே பார்த்தார்கள். அது இடுப்பு மடிப்பில் வழி தெரியாமல் தவித்தபோது முன்வரிசைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

பவுனு படத்துக்கு வரவில்லை. வைரக்கண்ணு ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றார். கூட்டம் நெருக்கியதில் கத்திரிப்பூ நிறப் புடவை கட்டிய ஒரு பெண் பின்னாலேயே நகர்ந்து வந்து அவர் ஒயருக்கு மேலே நின்றுவிட்டாள். படத்திலேயே கண்ணாக இருந்தவர் பாதி திரும்பி, “ஒயர்ல கால் பட்டுரும், தள்ளி நில்லு தாயி” என்றார். அவள் தள்ளி நின்றாள். ஒரு நாளில் நூறு பேரிடம் அப்படிச் சொல்கிறவர் அவர்.

மறுநாள் காலையில் முகம் கழுவப் போனவர்கள்தான் முதலில் கண்டார்கள். தமிழ் டீச்சர் வசந்தகோகிலத்தின் உதட்டோர மச்சத்தைக் காணோம், அது பஷீர் பாயின் உதட்டோரத்தில் இருந்தது, அவருடைய முழங்கை மச்சம் டீச்சர் கழுத்தில் இருந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பொதுச்சுவருக்காகக் கேஸ் நடத்தும் அண்ணன் தம்பிகளில் அண்ணன் மச்சம் தம்பி மூக்கிலும் தம்பி மச்சம் அண்ணன் காதிலும் உட்கார்ந்திருந்தன. பிறவியிலேயே மச்சமில்லாதவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, படத்துக்கு வராதவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை; பாதியில் எழுந்து பஸ் பிடிக்கப் போன ஒருத்தருக்கு மட்டும் மச்சம் பாதி போய்ப் பாதி நின்று பிறை மாதிரி இருந்தது. மாறியது எல்லாம் இரண்டிரண்டு பேராகத்தான். உன்னுடையது யாரிடம் போனதோ அவருடையது உன்னிடம் இருக்கும்.

ஊர் ஒருநாள் முழுக்க வாயைப் பிளந்தது, அப்புறம் பிழைப்பைப் பார்க்கப் போயிற்று. பிழைப்போடு பிழைப்பாக மச்சத்தையும் தேடிக்கொண்டார்கள். மீன் வாங்கும்போது மீனைப் பார்த்த கண்ணோடு மீன்காரியின் கையையும் பார்த்தார்கள். சலூனில் காதுக்குப் பின்னால் சவரம் செய்யும்போது, “இது எங்க சித்தப்பா மச்சம்ல” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது. ஜோசியர் மட்டும் இடிந்துபோனார். முதுகு மச்சத்துக்கு வீடு வாசல் என்று அவர் பலன் சொல்லி வைத்திருந்த ஒருத்தனுக்கு முதுகு மச்சம் போய் வேறொருத்தர் மச்சம் இப்போது உள்ளங்காலில் இருந்தது, உள்ளங்காலுக்கு ஊர் சுற்றல் என்று நூலில் இருந்தது. அவன் ஊர் சுற்றவும் இல்லை, வீடு கட்டவும் இல்லை, எப்போதும்போல வலை பின்னிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் அங்க அடையாளம் எல்லாம் தப்பாகிப்போனதில் தலைமை ஆசிரியர் மேலிடத்தைக் கேட்டார். மேலிடத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை.

மச்சம் மாறியவர்கள் ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆண் பெண் பேதமில்லை, மதமில்லை. பஷீர் பாய் நோன்புக் கஞ்சியை டீச்சர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, “மச்சானுக்குன்னு சொல்லு” என்றார், டீச்சரும் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார். இன்னொன்றும் தெரிய வந்தது. மச்சத்துக்குச் சொந்தக்காரர் உன்னை நினைத்தால் உன் உடம்பில் இருக்கும் அந்த மச்சம் லேசாக அரிக்கும். விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்பதுதான் உலகத்துக்கு. எங்களுக்கு யார் என்றே தெரியும். தம்பிக்குக் காய்ச்சல் வந்த அன்று அண்ணனுக்குக் காது அரித்த அரிப்பில், கேஸ் கட்டை வக்கீலிடமே விட்டுவிட்டு ஆர்லிக்ஸ் பாட்டிலோடு சுவரைச் சுற்றிக்கொண்டு போனான். சுவர் அப்படியேதான் இருக்கிறது.

மச்சம் போயும் மச்சான் கிடைக்காத ஆள் ஊரில் ஒருத்தர்தான். வைரக்கண்ணுவின் தாடை வழுவழுவென்று துடைத்துவிட்டாற்போல் இருந்தது, அவருடைய மிளகு மச்சத்தை ஊரில் யார் உடம்பிலும் காணோம். சட்டை போடாத ஆண்களையெல்லாம் அவரே பார்த்துவிட்டார், பெண்களிடம் டீச்சர் விசாரித்துவிட்டார். கடைக்கு வந்தவர்கள் அவரிடமே, “வைரக்கண்ணு அண்ணன் இல்லீங்களா?” என்று கேட்டார்கள். மைக்குகள் கரகரத்தன. வளைகாப்புப் பந்தலில் முதன்முறையாக மழை ஒழுகிற்று. “உன்னோடதுக்குப் பதிலா ஒரு மச்சமும் வரலியாப்பா, உன்னோடது மட்டும் ஓடிப்போச்சா?” என்று பஷீர் பாய் கேட்டுவிட்டு, ஓடிப்போச்சு என்று சொல்லியிருக்க வேண்டாம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.  வைரக்கண்ணுவுக்கு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், கை எட்டாத இடத்தில், படம் போட்ட நாளிலிருந்து ஒரே அரிப்பு. ஸ்பீக்கர் பெட்டியின் மூலையில் முதுகைத் தேய்த்தபடி நின்றுகொண்டிருந்தார். வேர்க்குரு என்று நினைத்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மா சொன்னதில்லை.

பங்குனி வெயில் ஏறிய ஒரு காலைப்பொழுதில் அரிப்புத் தாங்காமல் அவர் பனியனைக் கழற்றிப்போட்டு, பவுடர் டப்பாவோடு அடுப்படி வாசலில் போய் நின்றார். “முதுகுல கொஞ்சம் போட்டு விடேன்” என்றார். பவுனு அவர் உடம்பைத் தொட்டு வருஷங்களாகிவிட்டன. அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள், கையைத் துடைத்தாள், எழுந்து வந்தாள். பவுடர் விழுந்தது, கை ஒரு சுற்றுச் சுற்றியது, அப்புறம் நின்றுவிட்டது.

“என்னடி?”

“உங்களுக்கு முதுகுல மச்சம் கெடையாதே.”

“கெடையாது.”

“இப்ப இருக்கு. சீரகமாட்டம், சாஞ்சாப்ல.”

சீரகம் என்றதுமே அவருக்கும் தெரிந்துவிட்டது. அழகுக்கு இடது தோள்பட்டை எலும்பின் மேல் சீரகம் ஒட்டியது போல ஒரு மச்சம். குளிப்பாட்டும்போது அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துப் பிள்ளை அழுத கதையைப் பவுனு எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள், சிரிப்பு இருந்த காலத்தில். வைரக்கண்ணு அப்படியே அடுப்படிப் படியில் உட்கார்ந்தார். பவுனு கையை எடுக்காமல் கூடவே குனிந்தாள்.

“பவுனு, இருக்கானா செத்துட்டானா?”

“செத்தவங்க மச்சம் எதாச்சும் ஊருக்குள்ள வந்துச்சா? படம் பாத்தவங்களுக்குத்தானே மாறுச்சு.”

“அப்ப அன்னைக்கி வந்திருக்கான்” என்றார் அவர். “நம்ம திடலுக்கு வந்திருக்கான் பவுனு. வந்துட்டு வீட்டுக்கு வராமப் போயிருக்கான்.”

பவுனு அவர் முதுகில் அப்பியிருந்த பவுடரை மெல்லத் துடைத்துவிட்டாள். அப்புறம் சொன்னாள். இத்தனை வருஷமும் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததால் அது அடங்கின குரலில்தான் வந்தது.

“வந்திருக்கான்னு சொல்றதாலதான் வரல. அந்தக் கடைசி எழுத்த விட்டுருங்களேன். வந்திருக்கான் இல்லீங்க. வந்திருக்கா.”

அவர் உதடு அசைந்தது, எழுத்து விழவில்லை. ஒரே ஒரு ‘ன்’, மேலே ஒரு புள்ளி, பள்ளிக்கூடத்தில் மெய்யெழுத்து என்று சொல்லிக்கொடுப்பது. அதை விடுவது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்கலாம். ஊருக்கே குரல் கொடுத்த மனுஷருக்கு அன்றைக்கு அது முடியவில்லை, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே ஒயர், ஜெனரேட்டர், கத்திரிப்பூ நிறப் புடவை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

“நான் அவகிட்டப் பேசினேன்டி” என்றார். ‘அவ’ என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை, பவுனு கவனித்தாள். “தள்ளி நில்லு தாயின்னேன். மூஞ்சியப் பாக்கல.”

“தாயின்னா சொன்னீங்க?”

“எல்லாரையும் சொல்றதுதான்.”

“புள்ளைக்கு அது தெரியுமா?” என்றாள் பவுனு. அவள் கன்னமும் நனைந்திருந்தது, ஆனால் அந்த முகத்தில் வேறு என்னவோ இருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு அன்று அந்த வீட்டில் குழம்புக்கு உப்பு சரியாக இருந்ததாகச் சொல்கிறார்கள்.

அதே படத்தை அதே திடலில் இன்னொருதடவை போட வேண்டும் என்று வைரக்கண்ணு ஜெனிதாவுக்குப் போன் செய்தார், அவள் வருகிறேன் என்றாள். ஊர்தான் முரண்டு பிடித்தது. மறுபடி பார்த்து மறுபடி மாறிவிட்டால் என்ன செய்வது, இப்போதுதான் பழகியிருக்கிறது, மச்சான் முறை கொண்டாடிச் சீர் வரைக்கும் வந்தாகிவிட்டது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பொதுச்சுவர்க் கேஸ் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, “இதத் தர முடியாது” என்றே சொல்லிவிட்டான். வைரக்கண்ணு ஒன்றும் வாதாடவில்லை. சட்டையைக் கழற்றித் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். அந்தச் சீரக மச்சத்தை மண்ணில் விளையாடிய காலத்திலிருந்து பார்த்தவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். தெருமுனையில் சிரித்த இரண்டு பேரும் இருந்தார்கள்.  பிறகு பஷீர் பாய்தான் தன் உதட்டோரத்தைத் தடவிக்கொண்டு, “மச்சம் போனா போவட்டும். மச்சான் எங்க போயிருவாரு?” என்றார். டீச்சர் தலையாட்டினார். அதற்குமேல் பேச்சில்லை.

மறுபடி படம் போடுவது அழகுக்கு எப்படித் தெரியும் என்று பவுனு கவலைப்பட்டாள். அவள் எந்த ஊரில் இருக்கிறாள், என்ன செய்கிறாள், யாருக்கும் தெரியாது. வைரக்கண்ணு ஆட்டோவில் மைக் கட்டினார். கரகரத்த மைக்கையே எடுத்துக்கொண்டு கடற்கரை ரோட்டில் வடக்கே போகமுடிந்த மட்டும் வடக்கே போனார், தெற்கே போகமுடிந்த மட்டும் தெற்கே போனார், பஸ் நிலையம், சந்தை, கோயில் வாசல், இறால் பண்ணை, எங்கே நாலு பேர் நின்றாலும் அங்கே நிறுத்திச் சொன்னார்.

“நல்லாந்துறைத் திடல்ல மெய், உடம்பப் பத்தின படம், உண்மைப் படம், ரெண்டும் ஒண்ணுதான், அனைவரும் வாரீர். ஒயரெல்லாம் ஓரமா ஒதுக்கிக் கட்டியாச்சு தாயி. கால் படாது. பயப்படாம வரலாம்.”

ஒயரைப் பற்றி ஒருத்தன் ஏன் இத்தனை ஊருக்குச் சொல்லிக்கொண்டு போகிறான் என்று கேட்டவர்களுக்கு விளங்கவில்லை. பெட்ரோலுக்கு மேல் பெட்ரோல் போட்டுத் திரும்பித் திரும்பிச் சொன்னார். முதுகு சில ஊர்களில் சும்மா இருந்தது, சில ஊர்களில் லேசாக அரித்தது. அரித்த ஊர்களில் இரண்டுதடவை சொன்னார்.

படம் போடுகிற அன்று பொழுது சாயும்போதே திடல் நிறைந்துவிட்டது. மச்சான்கள் ஜோடி ஜோடியாக வந்து, மாறினால் கையோடு கண்டுபிடித்துவிடலாம் என்று பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பவுனு முன்வரிசையில் உட்கார்ந்தாள், பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். திரையில் முழங்கால்கள் சம்பந்தம் பேசின, ஊர் சிரித்தது. வயிறுகள் கடலாகின, ஊர் அமைதியானது. பவுனு சிரிக்கவும் இல்லை, அமைதியாகவும் இல்லை. புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

வைரக்கண்ணு ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றார். கையில் மைக் இருந்தது, எதற்கு வைத்திருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. மச்சம் குதிகாலிலிருந்து புறப்பட்டு ஆடுசதையில் ஏறும் இடம் வந்தபோது முதுகில் அரிப்பு எடுத்தது. எப்போதும்போல இல்லை. சீரகம் தீயில் பொரிவது போலப் பொரிந்தது. அவர் தேய்த்துக்கொள்ளவில்லை. திரும்பினார். இந்தத் தடவை முழுசாகத் திரும்பினார்.

ஒதுக்கிக் கட்டிய ஒயருக்கு அந்தப் பக்கம், சாயம் போன கிளிப்பச்சைப் புடவையில் அவள் நின்றாள். திரையின் வெளிச்சம் முகத்தில் விழுந்து விழுந்து போயிற்று. வலது தாடையில் மிளகு மச்சம். இத்தனை காலம் கண்ணாடியில் பார்த்த தன் மச்சம் அந்த முகத்துக்கு அவ்வளவு பொருத்தமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

“பஸ்ஸுல போறப்ப ஒங்க கொரல் கேட்டுச்சு. மொதத் தடவையும் அப்படித்தான் எறங்கி வந்தேன்” என்றாள். பிறகு தாடையைத் தொட்டுக்கொண்டாள். “அந்த முடிய மட்டும் வெட்டிட்டேம்ப்பா.”

“நல்லதாப் போச்சு” என்றார் வைரக்கண்ணு. வேறு என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வடக்கும் தெற்கும் அலைந்தபோதெல்லாம் சேர்த்து வைத்திருந்தார்; அதையெல்லாம் விட்டுவிட்டார். கையை நீட்டினார். ஒயரைத் தாண்டி அவள் அந்த விரலைப் பிடித்தாள். திரையிலும் அந்நேரம் ஒரு விரல் இன்னொரு விரலைத் தொட்டது, மச்சம் தாவியது. இவர்களிடம் எதுவும் இடம் மாறவில்லை, எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது.

மைக் போட்டிருக்கிறது என்பதை அவர் மறந்துவிட்டார். கூப்பிட வேண்டியது ஒருத்தியை மட்டும்தான், ஆனால் ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் கேட்டது, கரகரப்பு இல்லாமல் கேட்டது.

“பவுனு. அழகு வந்திருக்கா.”

திடலில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. டீச்சர் கையை நீட்டி, பிடித்துவைத்த நாற்காலியிலிருந்து பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பவுனு உடனே எழுந்துவிடவில்லை. அந்தக் கடைசி எழுத்து பின்னால் வருகிறதா என்று கொஞ்சநேரம் காத்திருந்தாள். வரவில்லை. அப்புறம்தான் எழுந்தாள்.